உப்பு நீரில் ஒரு காடு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

நெல் வயலில் கடல்நீர் புகுந்தால் பயிர் கருகிவிடும். அதே கடல்நீரில் ஒரு காடே பசுமையாக நிற்கிறது என்றால் வியப்பாக இல்லையா? சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்துவாரத்திற்கும் கொள்ளிட முகத்துவாரத்திற்கும் இடையே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடுதான் அது. என் தாயார் அங்குள்ள ஓடைகளில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே வகுப்பில் ‘தகவமைப்பு’ நடத்தப்பட்டபோது, இது நமக்குத் தெரிந்த பாடமாயிற்றே என்று மகிழ்ந்தேன்.

ஓர் உயிரினம் தன் சூழலில் வாழ்ந்து பெருக உதவும், வழிவழியாக வரும் பண்பையே தகவமைப்பு என்கிறோம். அலையாத்திக் காட்டில் தாவரங்களுக்கு மூன்று இடையூறுகள் உண்டு. அவை உப்பு, காற்றில்லாச் சேறு, உறுதியற்ற தரை என்பன.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. சுரபுன்னை இதில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. வெண்கண்டலோ உள்ளே வந்த உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. அதன் இலையை நாவில் வைத்தால் கரிக்கும். சுரபுன்னை தாங்கு வேர்களை ஊன்றிச் சேற்றில் நிற்கிறது. அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட நாற்றான பிறகே விழுகிறது. வெண்கண்டலின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து பென்சில்கள் போல மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. இடையூறு ஒன்றே, விடைகள் பல. இந்த வேர்களுக்கிடையே நண்டும் இறாலும் மீன்குஞ்சும் அடைக்கலம் பெறுகின்றன. எங்கள் வீட்டு அடுப்பு எரிவதும் அவற்றால்தான்.

சிறு வயதில், “இந்த வேர் ஏம்மா மேல வருது?” என்று கேட்டேன். “சேத்துக்குள்ள மூச்சு முட்டாதா? அதான்” என்றார் அம்மா. அதை நம்பித் தேர்வில், ‘காற்றுத் தேவைப்பட்டதால் மரம் வேரை மேலே அனுப்பியது’ என்று எழுதினேன். ‘தேவைப்பட்டால் வந்துவிடுமா?’ என்று விரிவுரையாளர் சிவப்பு மையால் எழுதியிருந்தார். அம்மாவையே அடித்துத் திருத்தியதுபோல் எனக்கு வருத்தமாக இருந்தது.

பிறகு நூலகத்தில் படித்துத் தெளிந்தேன். 1859-இல் டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வே இதற்கு விடை. ஓரினத்தின் செடிகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. சேற்றில் சற்றே நன்றாக மூச்சுவிட முடிந்தவை பிழைத்து, விதை விட்டன, மற்றவை மடிந்தன. இவ்வாறு எண்ணற்ற தலைமுறைகள் கழிந்தே மூச்சு வேர் உருவாயிற்று. வேரின் பயனைப் பற்றி அம்மா சொன்னது சரி. அது வந்த விதத்தைப் பற்றி நான் எழுதியதுதான் தவறு.

இந்த வேறுபாடு மதிப்பெண்ணோடு முடிந்துவிடுவதன்று. பிச்சாவரத்தில் 1970கள் வரை பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டி வந்தார்கள். வெயில் பட்ட மண் ஈரம் வற்றித் தாழ்ந்தது. அந்தப் பள்ளங்களில் ஓதநீர் தேங்கி ஆவியாக, உப்பு மட்டும் மிஞ்சிக்கொண்டே போனது. கடைசியில் உப்பைத் தாங்கும் மரங்களே அங்கு முளைக்க முடியவில்லை. ‘உப்பில் வளரும் மரந்தானே, பழகிக்கொள்ளும்’ என்று இருந்துவிட முடியுமா? தகவமைவதற்குப் பல தலைமுறைகள் வேண்டும். வெட்டுவதற்கு ஒரு பகல் போதும்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களுடன் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. ஓதநீர் உள்ளே வந்து திரும்பிச் செல்ல வழி பிறந்தது. மண்ணின் உப்பு குறைந்தது. நட்ட நாற்றுகள் தழைத்தன.

விடுமுறையில் இதை அம்மாவிடம் பெருமையாக விளக்கினேன். “தண்ணி வரணும், போவணும். நின்னுட்டா மரம் செத்துடும். இதுக்கா இத்தன படிப்பு?” என்று சிரித்தார். இம்முறை அம்மாவின் விடையில் திருத்த ஒன்றுமில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊர் ஏரியையும் குளத்தையும் பாடநூலோடு ஒருமுறை சென்று பாருங்கள். அங்கே உழைப்பவர்களிடம் கேளுங்கள். கேட்டதை ஆராய்ந்து பாருங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பாடம் முழுமையாகும்.