இடைக்கால ஐரோப்பியச் சமுதாயத்தைத் தமிழில் கற்பித்தல்: கலைச்சொற்கள் தரும் இடரும் துணையும்

திறவுச்சொற்கள்: நிலமானியம், நிலப்பிரபுத்துவம், மேனர், வில்லன், வெட்டி, பதின்பருவக் கல்வி

கூம்பு வரைபடமும் இரு சொற்களும்

ஐரோப்பிய இடைக்காலத்தைப் பதின்பருவ மாணவர்க்கு விளக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஒரு கூம்பு வரைபடத்தோடு தொடங்குகின்றன. உச்சியில் அரசன், அவனுக்குக் கீழே பிரபுக்கள், அவர்க்குக் கீழே குதிரைவீரர், அடித்தளத்தில் உழவர். நினைவிற் கொள்ள எளிதான இப்படம் வேறுபட்ட இரண்டு உறவுகளை ஒரே கோட்டில் அடுக்கிவிடுகிறது. மேலடுக்குகளை இணைப்பது, சுதந்திர மனிதர் இருவர் தமக்குள் செய்துகொள்ளும் உறுதிமொழி: ஒருவன் நிலம் தருவான், மற்றவன் போர்ப்பணி செய்வான். கீழடுக்கில் அத்தகைய உறுதிமொழி இல்லை. உழவன் பிறப்பாலும் தான் உழும் நிலத்தாலும் பிரபுவோடு கட்டுண்டவன்.

இவ்வேறுபாட்டைத் தமிழ்க் கலைச்சொற்கள் தம்மையறியாமலே காட்டிக்கொடுக்கின்றன. ‘நிலமானிய முறை’ என்னும் சொல் மேலடுக்கு உறவையே சுட்டும். பணிக்கு ஈடாக நிலம் வழங்கப்படுவதை அது உணர்த்துகிறது. ‘நிலப்பிரபுத்துவம்’ என்பது கீழடுக்கின் ஆதிக்க உறவைச் சுட்டும். இரண்டையும் ஒரு பொருட்பன்மொழியாக ஆளும்போது கூம்பின் குழப்பம் மொழியிலும் நிலைபெறுகிறது. மேலும் ‘மானியம்’ என்றதும் இன்றைய மாணவர் மனத்தில் எழுவது எரிவாயு உருளைக்கு அரசு தரும் உதவித்தொகையே. கோயில் மானியம், ஊழிய மானியம் என்ற பழைய வழக்குகளை முதலில் நினைவூட்டாமல் இப்பாடத்தைத் தொடங்குவது வீண்.

இக்கருத்தாக்கமே ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. எலிசபெத் பிரௌன் 1974-இல் எழுதிய கட்டுரையும், சூசன் ரெனால்ட்ஸ் 1994-இல் வெளியிட்ட நூலும், பிற்காலச் சட்டவறிஞர் வகுத்த ஒரு சட்டகம் இடைக்காலத்தின்மீது ஏற்றப்பட்டது என வாதிட்டன. இவ்விவாதம் முழுவதையும் பள்ளி மாணவர்க்குச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் அக்கால மக்கள் தம் சமுதாயத்தை அப்பெயரால் அழைக்கவில்லை என்ற ஒரு செய்தியையாவது சொல்லாமல் விடுதல் தகாது.

வில்லன் என்னும் உழவன்

தமிழ் மாணவர் நன்கறிந்த ஒரு சொல் இப்பாடத்துக்கு எதிர்பாராத வாயிலாக அமைகிறது. திரைப்படத்தில் நாயகனை எதிர்ப்பவனைக் குறிக்கும் ‘வில்லன்’ என்ற சொல், ‘வில்லா’ எனப்பட்ட பண்ணையைச் சார்ந்து வாழ்பவன் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் ‘வில்லன்’ எனப்பட்டவன் கட்டுண்ட உழவன். உழவனைக் குறித்த பெயர் முரடனுக்கும், பின்னர்த் தீயவனுக்கும் உரியதாயிற்று. யார் பார்வையில் இப்பொருள் மாற்றம் நிகழ்ந்தது என்ற வினா, சமுதாய வரலாற்றையும் சொற்பொருளியலையும் ஒரே வகுப்பில் சந்திக்க வைக்கும்.

இவனை அடிமை என மொழிபெயர்ப்பது பிழை. 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கேட்டில் வில்லன்கள் ஒரு பிரிவாகவும் அடிமைகள் வேறு பிரிவாகவும் எண்ணப்பட்டுள்ளனர். தன் பிரபு ஒருவனைத் தவிரப் பிறர் முன்னிலையில் அவன் சுதந்திரமானவனே என்பது 13-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்டக் கொள்கை. அவனுக்கு வீடும் வயற்கீற்றுகளும் உண்டு. ஆனால் மகளை மணமுடிக்க வரி. அவன் இறந்தால் வீட்டின் சிறந்த கால்நடை பிரபுவுக்கு. பண்ணையை விட்டு வெளியே வாழ ஆண்டுதோறும் கட்டணம்.

பன்னிரண்டு வயதும் நீதிமன்றச் சுருளும்

அன்றாட வாழ்வைக் கற்பிக்கக் கோட்டைகளையும் கவசங்களையும் விட மேனர் நீதிமன்றச் சுருள்கள் மிகுதியும் பயன்படுவன. தோலில் இலத்தீனில் எழுதப்பட்ட இப்பதிவுகளில் பெருஞ்செயல்கள் இல்லை. அண்டைவீட்டான் பயிரில் மாடு மேய்ந்தது, அறுவடை நாளில் வேலைக்கு வராதது, வரம்பைத் தள்ளி உழுதது ஆகியவற்றுக்கான தண்டங்களே நிறைந்துள்ளன. வாற்கோதுமை மது காய்ச்சி விற்று, அளவையோ விலையையோ மீறியதாகத் தண்டம் செலுத்திய பெண்களின் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. வேறெந்த ஆவணத்திலும் இடம்பெறாத பெண்கள் இவர்கள். வேலை வாங்கும் ‘ரீவ்’ என்னும் மணியக்காரனும் பெரும்பாலும் வில்லன்களுள் ஒருவனே; சிலர் அப்பொறுப்பைத் தவிர்ப்பதற்காகவே பணம் கட்டினர். கூம்பு வரைபடத்தில் இவனை எங்கு வைப்பது?

ஆண்பிள்ளை 12 வயது நிறைந்ததும் பத்துப்பேர் குழுவில் உறுதிமொழி கூறிச் சேரவேண்டும். குழுவினர் ஒருவர் குற்றத்துக்கு மற்றவர் பொறுப்பாவர், சேராதவனுக்குத் தண்டம். ஏழாம் வகுப்பில் பயிலும் வயதினன் அங்குச் சட்டத்தின் முன் பொறுப்புள்ளவன் என்றறியும் மாணவர் அக்காலத்தைத் தம் வயதைக் கொண்டே அளக்கத் தொடங்குவர்.

வெட்டி

வில்லன் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலியின்றி உழைப்பது பல மேனர்களில் வழக்கம். இதை விளக்க ஏற்ற தமிழ்ச் சொல் கல்வெட்டுகளில் உள்ளது. சோழர் கல்வெட்டுகளில் கடமை, அந்தராயம், குடிமை முதலியவற்றோடு எண்ணப்படும் ‘வெட்டி’ கூலியற்ற கட்டாய உழைப்பு. ‘வெட்டி வேலை’ என்னும் இன்றைய வழக்கில் உள்ள பயனின்மைப் பொருளை அதன் நீட்சியாகக் கொள்ள இடமுண்டு. ஒப்புமை இங்கேயே நிற்கவேண்டும். மேனர் உழைப்பு குறிப்பிட்ட ஒரு நிலக்கூற்றோடு பிணைந்தது. வெட்டியோ ஊர்கள் செலுத்திய வரித்தொகுதியின் உறுப்பு. சொல் ஒத்ததனால் அமைப்பும் ஒத்தது எனக் கொண்டால், சோழநாட்டில் மேனரைத் தேடும் வீண்முயற்சியில் அது முடியும்.

செயின்ட் ஆல்பன்ஸ் எந்திரக்கற்கள்

தானியத்தைப் பிரபுவின் ஆலையில் கட்டணம் செலுத்தியே அரைக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு, திரிகை அறிந்த தமிழ் மாணவர்க்கு உடனே விளங்கும். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவர் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்டு, நகரத்தாரின் கைத்திரிகைகளைப் பறித்து அவற்றின் கற்களை மடத்தின் தளத்தில் பதிப்பித்தார். (வானியற் கடிகாரம் ஒன்றை வடிவமைத்த கணித அறிஞரும் இவரே, ‘இருண்ட காலம்’ என்னும் அடைமொழிக்கு இச்செய்தி போதிய மறுப்பு.) ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1381-ஆம் ஆண்டு உழவர் எழுச்சியின்போது நகரத்தார் மடத்துக்குள் புகுந்து அத்தளத்தைப் பெயர்த்தனர். கற்களை உடைத்துத் துண்டுகளைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர்.

கற்களைப் பறித்த காலத்தில் பிறந்தே இராத பலர் அக்கூட்டத்தில் இருந்திருப்பர். உடைந்த துண்டைக்கொண்டு மாவரைக்க இயலாது என்பதை மாணவரே கண்டுகொள்வர். அவ்வாறாயின் எதற்காக அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர் என்பதே ஆசிரியர் அவ்வகுப்பில் கேட்கவேண்டிய வினா.