பட்டம் பெற்ற பின் தொடங்கும் பாடம்

ஹைதராபாத் மாநகரின் வடகிழக்குப் பகுதியில் மௌலா அலி என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பாறைக் குன்றின் உச்சியில் குதுப் ஷாஹி மன்னர் காலத்தைச் சேர்ந்த தர்கா ஒன்று இருக்கிறது. நூற்றுக்கணக்கான படிகள் ஏறி மக்கள் அங்கே சென்று வழிபடுகிறார்கள். தென் மத்திய ரயில்வேயின் மண்டலப் பயிற்சி நிலையம் இயங்குவதும் இதே மௌலா அலியில்தான். ஸ்டேஷன் மாஸ்டர் போன்ற பணிகளுக்குப் புதிதாகத் தேர்வானவர்கள் இங்கே வந்து பயில்கிறார்கள். பட்டதாரிகளுக்கான பணி அது. ஆகவே, கல்லூரியின் நினைவு இன்னும் மாறாத இளைஞர்களையும் இளம்பெண்களையும் அந்த வகுப்பறைகளில் காணலாம்.

‘பட்டம் வாங்கியாகிவிட்டது, மறுபடியும் வகுப்பறையா?’ என்ற சலிப்பு முதல் நாளில் அவர்களுக்கு ஏற்படுவது இயல்பே. ஆனால் இரண்டு வகுப்பறைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. படிப்பை முடித்து வாழ்க்கையில் அடியெடுத்து வைக்கும் ஒவ்வோர் இளைஞரும் அறிய வேண்டிய வேறுபாடு அது.

மதிப்பெண்ணும் பொறுப்பும்

கல்லூரித் தேர்வில் ஒரு விடை தவறினால் சில மதிப்பெண்கள் குறையும். இழப்பு எழுதியவருக்கு மட்டுமே. நூற்றுக்கு நாற்பது பெற்றாலும் தேர்ச்சி உண்டு. ரயில் நிலையத்தில் நாற்பது போதுமா?

இரு நிலையங்களுக்கு இடையே, ஒரு தண்டவாளத்தில், ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். நம் நாட்டு ரயில் பாதைகளில் பெரும்பாலானவை இந்த விதிப்படியே இயங்குகின்றன. ஒரு ரயிலை அனுப்புமுன் ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த நிலையத்திடம் ‘லைன் கிளியர்’ என்னும் அனுமதியைக் கேட்டுப் பெற வேண்டும். அனுமதி தருபவர், முன்பு வந்த ரயில் முழுமையாக வந்து சேர்ந்துவிட்டதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்காகவே ரயிலின் கடைசிப் பெட்டியில் தனி அடையாளம் வைத்திருக்கிறார்கள். இரவில் அங்கே சிவப்பு விளக்கு ஒளிரும். அந்த அடையாளத்தைக் காணாதவரை ரயில் முழுமையாக வந்துவிட்டதாகச் சொல்லலாகாது. ஏதேனும் ஒரு பெட்டி கழன்று வழியிலேயே நின்றிருக்கக்கூடும் அல்லவா?

இன்று பல இடங்களில் சக்கர அச்சுகளை எண்ணும் கருவிகள் இந்த வேலையைச் செய்கின்றன. எனினும் கருவி பழுதாகும்போது மனிதனின் கண்ணும் சொல்லுமே காவல். ‘பார்த்தேன்’ என்று அவர் சொல்லும் ஒரு சொல்லை நம்பி, தூங்கிக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரைச் சுமந்தபடி அடுத்த ரயில் புறப்படுகிறது.

கல்லூரியில் நம் சொல் தவறானால் ஆசிரியர் திருத்துகிறார். பணியிலோ நம் சொல்லை நம்பிப் பிறர் செயல்படுகிறார்கள். இந்த மாற்றத்தின் பெயர்தான் பொறுப்பு. செவிலியர் எழுதும் மருந்துக் குறிப்பு, கணக்கர் இடும் கையொப்பம், ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் வாக்கியம் ஆகிய எல்லாம் இத்தகைய சொற்களே. ‘அடுத்த மாதம் பணம் அனுப்புகிறேன், அம்மா’ என்று மகன் சொல்வதும் அப்படித்தான். அந்தச் சொல்லை நம்பியே தங்கையின் கட்டணத்திற்குத் தாய் நாள் குறிக்கிறாள்.

விடைபெறும் மாணவனுக்கு

நம் முன்னோர் இந்தப் பருவத்தின் அருமையை அறிந்திருந்தார்கள். குருகுலக் கல்வி முடிந்து மாணவன் வீடு திரும்புவதற்கு ‘சமாவர்த்தனம்’ என்று தனிச் சடங்கே இருந்தது. தைத்திரீய உபநிஷதத்தின் சிக்ஷாவல்லியில், வேதத்தைக் கற்பித்து முடித்த ஆசாரியர் மாணவனுக்குக் கூறும் இறுதி அறிவுரை இடம்பெற்றுள்ளது. பொருள் ஈட்டும் தந்திரங்களோ புகழ் பெறும் வழிகளோ அதில் இல்லை. உண்மை, தர்மம், தொடர்ந்த கல்வி, பெற்றோரையும் விருந்தினரையும் போற்றுதல், பணிவோடு கொடுத்தல் ஆகியவற்றையே அவர் வலியுறுத்துகிறார். எது சரி என்ற ஐயம் எழுந்தால், அவ்வூரில் உள்ள பண்பட்ட, கனிந்த உள்ளம் கொண்ட பெரியோர்கள் எவ்வாறு நடக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆசாரியர் மீண்டும் மீண்டும் எச்சரிப்பது ‘பிரமாதம்’ பற்றி, அதாவது கவனக்குறைவு பற்றி. மாணவனுக்கு அறிவு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே! கற்றதை அன்றாட வாழ்வில் நழுவவிட்டுவிடுவானோ என்பதே அவருடைய கவலை. கடைசிப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்ற விதி பயிற்சி பெற்ற எவருக்கும் தெரியும். ஆயிரமாவது இரவிலும் எழுந்து சென்று பார்ப்பதுதான் கடினம்.

அலுவலகமும் ஆர்வமும்

‘எனக்குக் கிடைத்த வேலை என் படிப்புக்கும் விருப்பத்திற்கும் ஏற்றதல்லவே!’ என்பது பல இளைஞர்களின் ஏக்கம். சர் சி.வி. ராமனின் இளமைக்காலம் இவர்களுக்கு நல்ல பாடம். சென்னை மாநிலக் கல்லூரியில் 1907இல் எம்.ஏ. முடித்த அவருக்கு இயற்பியலில் தீராத நாட்டம். ஆயினும் அவர் ஏற்றது நிதித் துறைப் பணி. அதே ஆண்டு, பத்தொன்பது வயதுகூட நிறையாத நிலையில், கல்கத்தாவில் துணைத் தலைமைக் கணக்காயராகச் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே திருமணமும் நடந்தது.

டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய அறிவியல் வளர்ச்சிக் கழகம் கல்கத்தாவின் பௌபஜார் தெருவில் இருந்தது. ராமன் அலுவலகத்திற்கு முன்பும் பின்பும் அதன் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டபோதும் மனம் தளரவில்லை. பத்து ஆண்டுகள் இவ்வாறு சென்றன. 1917இல் குறைந்த ஊதியத்தை ஏற்று, அவர் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பத்து ஆண்டுகளில் அவர் ஆய்வைக் காரணம் காட்டி அலுவலைப் புறக்கணிக்கவில்லை. அலுவலைக் காரணம் காட்டி ஆய்வையும் கைவிடவில்லை. கல்வியைத் தொடர்ந்து போற்றுக என்னும் உபநிஷத அறிவுரைக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேண்டுமா?

முதல் ஆண்டின் சாதனை

புதிதாக வாழ்க்கையில் இறங்குபவர் முதல் ஆண்டில் சில பழக்கங்களை உறுதியாகப் பற்றிக்கொள்வது நல்லது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டறியுங்கள். புதியவர் கேட்பதை யாரும் இழிவாக எண்ணுவதில்லை. கேட்காமல் செய்த பிழைதான் துன்பம் தரும். தவறு நேர்ந்தால் உடனே ஒப்புக்கொள்ளுங்கள். சிறிய தவறு மறைக்கப்படும்போதே பெரிதாகிறது.

முதல் ஊதியம் வந்த நாளிலிருந்தே வரவு செலவை எழுதி வையுங்கள். கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கு, படிப்புக் காலத்துடன் மேலும் ஓராண்டு அவகாசம் தருவது வங்கிகளின் பொதுவான வழக்கம். அந்த ஓராண்டு விரைவில் ஓடிவிடும். அதற்குள் சேமிப்பு பழக்கமாகிவிட வேண்டும்.

நண்பனின் ஊதியத்தோடு உங்கள் ஊதியத்தை ஒப்பிட்டு மனம் புழுங்க வேண்டாம். இன்னும் வேலை கிடைக்காதவர்களும் பொறுப்பற்றவர்கள் அல்லர். தந்தையின் மருந்தை நேரத்தில் வாங்கி வருவதும், தம்பிக்குப் பாடம் சொல்லித் தருவதும், ஒரு மணி நேரம் தவறாமல் படிப்பதும் பொறுப்பே. காத்திருக்கும் காலத்தில் வளர்த்த ஒழுங்கு, பணியில் சேர்ந்தபின் கைகொடுக்கும்.

இரவு உறங்கப் போகுமுன் ஒரு கேள்வியை மட்டும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: ‘இன்று என் சொல்லை நம்பியவர் யார்? அவருக்கு நான் உண்மையாக இருந்தேனா?’ சில நாட்கள் ‘இல்லை’ என்ற விடை வரும்; அப்போது மறுநாள் காலையில் செய்ய வேண்டிய முதல் வேலை எது என்பது தெளிவாகிவிடும். ‘ஆம்’ என்று சொல்ல முடிந்த இரவில், கடைசிப் பெட்டியின் விளக்கைக் கண்ட ஸ்டேஷன் மாஸ்டரைப் போல நிம்மதியாக இருக்கலாம்.