அஸருக்கு இரண்டு நேரம் ஏன்?

அன்புள்ள தம்பிக்கு,

அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்கு இரண்டு நேரம் ஏன் என்பதை அறிய, முதலில் சட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இஸ்லாமிய மார்க்கச் சட்டத்தின் மூலங்கள் நான்கு: குர்ஆன், நபிகள் நாயகத்தின் சொல், செயல், அங்கீகாரம் ஆகிய சுன்னா, அறிஞர்களின் ஒருமித்த முடிவாகிய இஜ்மா, காரணத்தை ஒப்பிட்டு விதி காணும் கியாஸ். முன்னதில் தெளிவான விடை இருந்தால் பின்னதைத் தேட வேண்டியதில்லை.

114 அத்தியாயங்கள் கொண்ட குர்ஆனை முதலில் காத்தது மனப்பாடம். 632-இல் நபிகள் நாயகம் மறைந்தபின் நடந்த யமாமா போரில், குர்ஆனை மனனம் செய்த பலர் மாண்டனர். அதனால் கலீஃபா அபூபக்கர், ஸைத் இப்னு ஸாபித்தைக் கொண்டு அதை ஏடுகளில் தொகுப்பித்தார். 650-ஐ ஒட்டி, கலீஃபா உஸ்மான் அதிலிருந்து படிகள் எடுத்துப் பல நகரங்களுக்கு அனுப்பினார். நபித்தோழர்கள் ஏற்றுக்கொண்ட இத்தொகுப்பையே இஜ்மாவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். மனப்பாடமும் நின்றுவிடவில்லை. ரமலான் இரவுகளில் மதுரைப் பள்ளிவாசல்களில் தராவீஹ் என்னும் தொழுகையை நடத்தும் ஹாபிழ் (குர்ஆனை மனனம் செய்தவர்) ஒரு சொல்லில் பிசகினால், பின்னால் நிற்கும் ஹாபிழ் உடனே எடுத்துக்கொடுப்பார்.

சுன்னாவை அறியத் தருபவை ஹதீஸ்கள். யாரிடம் யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடர் ஒவ்வொரு ஹதீஸுக்கும் உண்டு. அந்த அறிவிப்பாளர்களின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்தே அது ஸஹீஹா (நம்பகமானதா), பலவீனமானதா என்று தரம் பிரிக்கிறார்கள். 870-இல் மறைந்த இமாம் புகாரியின் தொகுப்பு இவ்வகையில் முதன்மையானது. கியாஸுக்கு ஒரு சான்று: மதுவைக் குர்ஆன் தடுக்கிறது, போதை என்ற அதே காரணம் கஞ்சாவிலும் இருப்பதால் தடை அதற்கும் பொருந்தும்.

மூலங்கள் ஒன்றாயிருந்தும் சட்டங்கள் சில இடங்களில் வேறுபடும். இவ்வேறுபாடுகளின் வழியே அமைந்த சட்டப் பிரிவுகளே மத்ஹபுகள். மதுரை வட்டாரத்து ராவுத்தர் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபினர். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபி மத்ஹபினர் மிகுதி. நண்பகல் நிழலைக் கழித்து, ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்துக்குச் சமமானதும் அஸர் தொழுகை நேரம் தொடங்கும் என்பது இமாம் ஷாஃபியின் (767–820) முடிவு. இரு மடங்காக வேண்டும் என்றார் இமாம் அபூஹனீஃபா (699–767). மதுரையில் இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேர இடைவெளி உண்டு. அபூஹனீஃபாவின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதுமே ஒரு மடங்கு என்றுதான் கருதினர்.

இரு தரப்புக்கும் ஆதாரம் ஹதீஸ்களே. எந்த ஹதீஸுக்கு முன்னுரிமை, அதற்கு என்ன பொருள் என்பதில்தான் கருத்து பிரிகிறது. குர்ஆனின் வாசகத்தில் இரு மத்ஹபுக்கும் வேறுபாடு இல்லை.

அன்புடன்,
அண்ணன்