விசிறிக்கு முன்னே கரி, விசிறிக்குப் பின்னே புகை

கேள்வி: ஒன்ராறியோவில், எரிவாயுக் குழாய் இன்னும் எட்டாத ஒரு கிராமப்புற ஊரில் வீடு வாங்கியிருக்கிறோம். முன்பு இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போன பெல்லட் அடுப்புதான் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளை எரிப்பது) குளிருக்குத் துணை. முதல் இரண்டு குளிர்காலமும் ஒரு குறையும் இல்லை. இந்த வருடம், காலையில் துடைத்த கண்ணாடி இரவுக்குள் தோசைக்கல் போலக் கறுத்துவிடுகிறது. சுவாலை சோம்பலாக, நுனியில் கரும்புகையோடு ஆடுகிறது. பற்றவைக்கும்போது அறையில் புகை மணமும் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பெல்லட் சரியில்லை என்கிறார். கடைக்காரர் புது அடுப்பு வாங்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் தள்ளிவையுங்கள். நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. கண்ணாடியில் கரி படிவது ஒன்று, அறைக்குள் புகை வருவது மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஊரில் விறகு புகைந்தால் அம்மா ஊதாங்குழலை எடுப்பார். அடுப்பின் வாயிலிருந்து காற்றை ஊதுவார்; நெருப்பு நிமிரும். பெல்லட் அடுப்பு அதற்கு நேர்மாறு. அது ஊதும் அடுப்பல்ல, உறிஞ்சும் அடுப்பு. அதன் விசிறி காற்று போகும் வழியின் கடைசியில், புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அது புகையை வெளியே தள்ளத் தள்ள, எரிகிண்ணத்தின் அடித் துளைகள் வழியாகப் புதுக் காற்று உள்ளே இழுபடுகிறது. மேல்தொட்டியில் இருக்கும் பெல்லட்டைத் திருகுதண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கிண்ணத்தில் போடுகிறது. (அறைக்குள் சூட்டை வீசும் விசிறி வேறு. அதற்கும் புகைக்கும் தொடர்பில்லை.)

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. விசிறிக்கு முன்னால் உள்ள பகுதி முழுவதும் உறிஞ்சும் பக்கம். அங்கே ஒரு கசிவு இருந்தால் புகை வெளியே வராது. அறைக்காற்றுதான் உள்ளே போகும். அந்தக் காற்று எரிகிண்ணத்தைத் தொடாமல் குறுக்கு வழியில் ஓடிவிடுவதால் நெருப்பு மூச்சுத் திணறிக் கரி படியும். விசிறிக்குப் பின்னால் உள்ள குழாய் தள்ளும் பக்கம். அங்கே பொருத்து விட்டுப்போயிருந்தால் சுவாலை நன்றாகவே எரியும், ஆனால் அறைக்குள் புகை வரும். வழி எங்காவது அடைபட்டாலோ விசிறி தளர்ந்தாலோ இரண்டும் சேர்ந்தே வரும். உங்கள் அடுப்பில் இரண்டும் இருக்கின்றன. ஆகவே என் முதல் சந்தேகம் அடைப்பின் மேல்தான்.

தொடங்குமுன்

புகை மணம் வரும் வீட்டில் கார்பன் மொனொக்சைட்டும் வரக்கூடும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. ஒன்ராறியோவில் எரிபொருள் எரிக்கும் வீடுகளில், படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அதற்கான அலாரம் இருக்கவேண்டும் என்பது 2014 முதல் சட்டம். அதன் பொத்தானை இன்றைக்கே அழுத்திப் பாருங்கள். அலாரம் ஒலித்தாலோ வீட்டில் இருப்பவர்களுக்குத் தலையிடி, குமட்டல் வந்தாலோ, எல்லாரும் வெளியே போய் 911 அழையுங்கள். அடுப்பை ஆராய்வது அதற்குப் பிறகு.

துப்புரவுக்கு அடுப்பு முழுவதும் ஆறியிருக்கவேண்டும், மின்செருகியும் கழற்றியிருக்கவேண்டும். சாம்பலுக்குள் தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். வீட்டைக் கூட்டும் சாதாரண வாக்குவம் வேண்டாம். அது தணலை உறிஞ்சித் தீப்பிடிக்கலாம். பிடிக்காவிட்டாலும் நுண்சாம்பலை அறை முழுக்கத் தூவும். சாம்பலுக்கென்றே விற்கும் உலோக வாக்குவம் வாங்குங்கள். அள்ளிய சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, மரத்தளத்தில் அல்ல, வெளியே சீமெந்துத் தரையில் வையுங்கள்.

எரிகிண்ணம்

கிண்ணத்தை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எல்லாத் துளைகளிலும் வெளிச்சம் தெரியவேண்டும். சாம்பல் சூட்டில் உருகி இறுகினால், இரும்புக் கிட்டம் போலக் கட்டிகள் அடியில் ஒட்டிக்கொள்ளும். அவற்றைச் சுரண்டி எடுத்து, துளைகளை ஒரு கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்திவிடுங்கள். திரும்ப வைக்கும்போது கிண்ணம் தன் இருக்கையில் அசையாமல் பொருந்தவேண்டும். அடியில் ஒரு சிட்டிகை சாம்பல் கிடந்தாலும் கிண்ணம் சற்று உயர்ந்து நிற்கும்; காற்று துளைகளுக்குள் போகாமல் பக்கத்தால் ஓடிவிடும். கரி படிவதற்கு இது ஒன்றே சிலவேளை காரணமாகப் போதும்.

கண்ணில் படாத சாம்பல்

நீங்கள் ஒழுங்காகச் சாம்பல் அள்ளுகிறவர் என்றே நினைக்கிறேன். ஆனால் அள்ளுவது கண்ணில் படும் சாம்பலைத்தான். கணக்குப் பாருங்கள்: 18 கிலோ மூட்டை 50 சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு தொன். நூற்றுக்கு ஒரு பங்கு சாம்பல் உள்ள பெல்லட் என்றால், ஒரு தொன்னுக்கு 9 கிலோ சாம்பல். பெரும்பகுதி தட்டில் விழுகிறது. மாவு போன்ற மிச்சம் காற்றோடு பறந்து, பின்பக்கத் தகடுகளுக்குப் பின்னாலும், வெப்பக் குழல்களைச் சுற்றியும், விசிறிக்குப் போகும் ஒடுங்கிய வழியிலும் குவிகிறது. இரண்டு குளிர்காலம் நன்றாக எரிந்துவிட்டு மூன்றாவதில் அடுப்பு மக்கர் பண்ணுவதற்கு வழக்கமான காரணம் இதுதான்.

உங்கள் அடுப்பின் கையேட்டைத் தேடி எடுங்கள். எந்தத் தகட்டை எப்படிக் கழற்றுவது என்பது அதில் படத்தோடு இருக்கும். தகடுகளை எடுத்ததும் உட்சுவரை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே சாம்பல் சரியும் சத்தம் கேட்டால், நோய் எங்கே இருந்தது என்று புரிந்துவிடும். பிறகு புகை விசிறியைக் கழற்றி, அதன் இதழ்களில் ஒட்டியிருக்கும் கரியை மென்மையான தூரிகையால் நீக்குங்கள். அது பொருந்தும் இடத்தில் உள்ள காஸ்கெட் கிழிந்திருந்தால் புதிது போட்டே மூடவேண்டும்.

இலைகளை ஊதும் மின்கருவியை உறிஞ்சும் பக்கமாகத் திருப்பி, வெளியே புகைக்குழாயின் வாயில் பொருத்தி இழுத்து எடுக்கும் வழக்கம் இங்கே பலரிடம் உண்டு. அது நல்ல பலன் தரும். ஆனால் தணல் ஒன்றும் மிஞ்சாதபடி அடுப்பு ஒரு நாளுக்கு மேலாகவே அணைந்திருக்கவேண்டும். முகமூடி அணியுங்கள், பக்கத்து வீட்டில் துணி காயாத நாளாகப் பாருங்கள். முற்றத்தில் எழும் சாம்பல் மேகத்தைக் கண்டால் நீங்களே வியப்பீர்கள்.

கதவும் சாம்பல் தட்டும்

இவை உறிஞ்சும் பக்கத்தின் கசிவுகள். கதவின் விளிம்பில் ஒரு காகிதக் கீற்றை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடிப்பு இருக்கவேண்டும். சுற்றிலும் பத்து இடத்தில் இப்படிச் செய்யுங்கள். பழைய புத்தகங்கள் பணத்தாளால் சோதிக்கச் சொல்லும். கனடாவின் இன்றைய தாள்கள் வழுக்கும் பிளாஸ்டிக். அவை ஏமாற்றிவிடும், சாதாரணக் காகிதமே நல்லது. கீற்று வழுகி வந்தால் கயிற்றுக் காஸ்கெட்டை மாற்றவேண்டும். சாம்பல் தட்டின் கதவையும் மறக்காதீர்கள். அங்கே கவனிப்பவர் குறைவு.

புகைக்குழாய்

இனி தள்ளும் பக்கம். வெளியே போய்க் குழாயின் வாயைப் பாருங்கள். பனி குவிந்திருக்கலாம், கோடையில் குருவி கூடு கட்டியிருக்கலாம், வலை கரியால் மூடியிருக்கலாம். வாய்க்கு மேலே சுவர் கறுத்திருந்தால், நெருப்பு நெடுநாளாகவே காற்றுக்கு ஏங்கியிருக்கிறது என்று பொருள். வளைவில் உள்ள துப்புரவு மூடியைத் திறந்து, குழாயின் அகலத்துக்கேற்ற தூரிகையை முழு நீளத்துக்கும் விட்டு எடுங்கள்.

பொருத்துகளில் கசிவு உண்டா என்று அறிய ஒரு எளிய வழி இருக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். பெல்லட் சூடேறிப் புகைந்து சுவாலை பிடிக்கும்வரை சில நிமிடம் ஆகும். புகை மிகுதியாக ஓடும் நேரம் அதுதான். டோர்ச்சைக் குழாயோடு ஒட்டிப் பிடித்து, அடுப்போடு சேரும் இடத்திலிருந்து ஒவ்வொரு பொருத்தாகப் பாருங்கள். கசியும் இடத்தில் நூல்போலப் புகை எழும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, குழாய் ஆறிய பின் உயர்வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பூசுங்கள். சாதாரண சிலிக்கோன் சூட்டில் கருகிப்போகும்.

குழாய் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதும் பொருட்டு. 90 பாகை வளைவு ஒன்று 5 அடி நேர்க்குழாய்க்குச் சமம் என்று பல கையேடுகள் கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கில் மொத்தம் 15 அடியைத் தாண்டினால் 3 அங்குலக் குழாய் போதாது, 4 அங்குலம் வேண்டும். முதல் இரண்டு வருடமும் நன்றாக எரிந்ததால் உங்கள் குழாயின் நீளத்தை நான் சந்தேகிக்கவில்லை. இடையில் யாராவது குழாயை மாற்றிப் பூட்டியிருந்தால் மட்டும் எண்ணிப் பாருங்கள்.

வீடே காற்றை இழுத்தால்

சமையலறையில் குழம்பு தாளிக்கும்போது மேலே உள்ள விசிறியை முழு வேகத்தில் விடுவோம். குளியலறை விசிறியும் துணி உலர்த்தியும் கூடவே ஓடும். மூன்றும் வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகின்றன. இறுக்கமாகக் கட்டிய வீட்டில் அந்த நேரம் அடுப்புக்குக் காற்று போதாது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அடுப்புக்குக் கிட்டே ஒரு ஜன்னலைச் சற்றுத் திறந்து பாருங்கள். சில நிமிடத்தில் சுவாலை நிமிர்ந்தால் குற்றம் அடுப்பில் இல்லை. வெளியிலிருந்து நேரே காற்றைக் கொண்டுவரும் தனிக்குழாய் பூட்டவேண்டும். ஏற்கெனவே இருந்தால் அதன் வலையில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெல்லட்

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது முழுத் தவறும் அல்ல. கராஜில் வெறும் சீமெந்துத் தரையில் அடுக்கிய மூட்டை ஈரத்தை இழுக்கும். நல்ல பெல்லட் ஒன்றை ஒடித்தால் 'டக்' என்று முறியும். ஈரம் பிடித்தது ஊதி உதிரும். மூட்டையின் அடியில் தூள் அதிகம் சேர்ந்திருந்தால் சலித்துவிட்டுப் போடுங்கள். தூள் திருகுதண்டைச் சுற்றி இறுகிவிடும். மரப்பட்டை கலந்தது என்றால் சாம்பலும் கிட்டமும் கூடும். சோதிப்பது எளிது: துப்புரவு முடிந்தபின் வேறு நிறுவனத்தின் இரண்டு மூட்டை மட்டும் வாங்கி எரித்துப் பாருங்கள். அழுக்கு அடுப்பில் பெல்லட்டைச் சோதித்தால் எந்தப் பெல்லட்டும் தோற்கும்.

செய்யக்கூடாதவை

உள்ளே போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகட்டையும் பெல்லட் விழும் வேகத்தையும் கடைசியில்தான் தொடவேண்டும். அடைப்பு இருக்கும்போது அவற்றைத் திருகினால், துப்புரவு செய்த பிறகு எல்லாம் தலைகீழாகிவிடும். அப்போது காற்று மிகுந்து, சுவாலை குட்டையாகிச் சீறும். பெல்லட் கிண்ணத்திலிருந்து துள்ளி விழும்.

பற்றாமல் புகைந்துகொண்டிருக்கும் கிண்ணத்தில் கையால் பெல்லட் கொட்டாதீர்கள், கதவையும் திறக்காதீர்கள். தேங்கிய புகை ஒரே நேரத்தில் தீப்பிடித்தால் 'டப்' என்று வெடிக்கும். புகை தணியும்வரை காத்திருந்து, கிண்ணத்தைக் காலிசெய்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

உறிஞ்சல் குறைந்தால் பெல்லட் விழுவதை நிறுத்தும் அழுத்த சுவிட்ச் ஒன்று உள்ளே இருக்கிறது. அடுப்பு அடிக்கடி நிற்கிறது என்று அதன் வயர்களை நேரே சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. காவல்நாயின் வாயைக் கட்டுவது போன்ற வேலை அது.

மின்சாரம் போனால் விசிறி நின்று, கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெல்லட்டின் புகை அறைக்குள் வரும். பனிப்புயலில் விளக்கு அடிக்கடி அணையும் ஊர் என்றால், அடுப்பின் கையேடு அனுமதிக்கும் வகை யுபிஎஸ் ஒன்று வைப்பது நல்லது. குழாய் சில அடி செங்குத்தாக ஏறிவிட்டு வெளியே போகும்படி இருந்தால், விசிறி இல்லாமலும் புகை ஓரளவு தானே மேலே இழுபடும்.

ஆளைக் கூப்பிடும் நேரம்

இவ்வளவும் செய்தும் சுவாலை நிமிராவிட்டால், விசிறியின் மோட்டார் தளர்ந்திருக்கலாம். அதை அளந்து பார்க்கக் கருவி வேண்டும். விறகு, பெல்லட் அடுப்புகளுக்கான வெட் (WETT) சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். முன்பு இருந்தவர்கள் பூட்டிய அடுப்பு என்பதால் அவருடைய பரிசோதனை அறிக்கை எப்படியும் உங்களுக்கு வேண்டியிருக்கும். வீட்டுக் காப்புறுதி நிறுவனங்கள் பல அதைக் கேட்கின்றன. புது அடுப்பா பழைய அடுப்பா என்ற பேச்சை அந்த அறிக்கையைப் பார்த்தபின் வைத்துக்கொள்ளலாம்.

துப்புரவு முடிந்து, அடுப்பு அரைமணி நேரம் எரிந்தபின் சுவாலையைத் தொலைபேசியில் ஒரு நிமிடம் படமெடுத்து வையுங்கள். மஞ்சளும் வெண்மையுமாக, துடிப்பாக, நுனியில் கறுப்பில்லாமல் இருக்கவேண்டும். கண்ணாடியில் ஒரு நாளுக்குப் பின் படிவது வெளிர்சாம்பல் நிறத் தூளாக, துணியால் ஒற்றினாலே போவதாக இருக்கவேண்டும். அடுத்த தை மாதம் அடுப்பின் மேல் சந்தேகம் வந்தால், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கவேண்டியதில்லை. அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துச் சுவாலையைப் பாருங்கள்.