நள்ளிரவு 35 நிமிடம்

கேள்வி: 99.9 சதவீத நேரம் சர்வர் ஓடும் என்கிறார்களே, அப்படியென்றால் அது நிற்கவே நிற்காதா?

பதில்: நிற்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 0.1 சதவீதம் என்பது 8 மணி 45 நிமிடம். அவ்வளவு நேரம் படுத்துவிட்டாலும் வாக்கு தவறியதாகாது. இன்னொரு 9 சேர்ந்து 99.99 ஆனால், சுமார் 53 நிமிடம்தான் விலக்கு.

முன்கூட்டியே அறிவித்துவிட்டு நிறுத்துவது பல ஒப்பந்தங்களில் இந்தக் கணக்கிலேயே வராது. ரயில் டிக்கெட் எடுப்பவர்களுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தின் இரவு ஓய்வு பழகிப்போன ஒன்று: 11.45 முதல் 12.20 வரை. தினம் 35 நிமிடம். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 213 மணி நேரம். யாரும் பெரிதாக முணுமுணுப்பதில்லை. தட்கல் திறக்கும் காலை 10 மணிக்கு ஐந்தே நிமிடம் திணறினால் நாடே கொதிக்கும். பராமரிப்பை நள்ளிரவுக்குத் தள்ளுவது அதனால்தான்.

ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கணக்கு மாதத்துக்கா, ஆண்டுக்கா? மாதக் கணக்கென்றால், 99.9-க்கு ஒரே மூச்சில் 43 நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. ஆண்டுக் கணக்கென்றால், ஒரு வேலைநாள் முழுக்க நிற்கலாம்.