வண்டிக்கு ஜி.பி.எஸ். மாட்டும் முன் குழுவில் பேச வேண்டியவை

கடன் வாங்கி லோடு ஆட்டோ, மினி வேன் எடுத்திருக்கும் குழுக்களுக்கு நாங்கள் போகும்போது அடிக்கடி கேட்கிற கேள்வி, "வண்டிக்கு ஜி.பி.எஸ். மாட்டலாமா?" என்பதுதான். தாராளமாக மாட்டலாம். ஆனால் எதற்காக மாட்டுகிறோம், யார் யார் பார்ப்பது என்று கூட்டத்தில் பேசி முடித்த பிறகு மாட்டுங்கள். பேசாமல் மாட்டினால் வண்டிக்கு முன்னால் வம்புதான் ஓடும்.

முதலில் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பூமிக்கு மேலே சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டு இருக்கின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, கருவி தான் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. இதற்குக் காசு கிடையாது. ஆனால் அந்த இடத்தை நம் செல்போனுக்குச் சொல்வது, கருவிக்குள் இருக்கும் சிம் கார்டு. ரீசார்ஜ் தீர்ந்தால் கருவி இருந்தும் இல்லாத கதைதான்.

ஆகவே கடைக்காரர் சொல்லும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டாம் வருடத்திலிருந்து சிம்முக்கும் ஆப்புக்கும் சேர்த்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நம் ஊரில் எந்த கம்பெனி டவர் எடுக்கிறது என்று பாருங்கள். 2ஜியில் மட்டும் வேலை செய்யும் கருவிக்கு ஜியோ சிம் ஒத்துவராது. ஜியோவில் 2ஜி கிடையாது. மலைப்பாதையில் போகும் வண்டி என்றால், டவர் இல்லாத இடத்தில் விவரத்தைச் சேமித்து வைத்து, டவர் வந்ததும் அனுப்பும் கருவியாகக் கேளுங்கள்.

சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன ப்ளூடூத் வில்லைகளையும் சிலர் ஜி.பி.எஸ். என்றே விற்கிறார்கள். அது வேறு, இது வேறு. ஏர்டேக் போன்றவை பக்கத்தில் இருக்கும் அடுத்தவர் செல்போன்களை நம்பித்தான் இடம் காட்டும். ஆள் நடமாட்டமில்லாத காட்டு ரோட்டில் வண்டி நின்றால் அதனால் பிரயோஜனமில்லை.

"தூரத்தில் இருந்தே இன்ஜினை நிறுத்தலாம்" என்பதை ஒரு பெரிய வசதியாகச் சொல்வார்கள். ஓடுகிற வண்டியை அப்படி நிறுத்தினால் பின்னால் வருகிறவர் மோதுவார். அந்த வசதி இருந்தாலும், வண்டி நிற்கும்போது மட்டும்தான் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் போடுங்கள். வாடகைக்கு ஆள் ஏற்றும் வேன் என்றால் கதையே வேறு. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு அரசு அங்கீகரித்த ஏ.ஐ.எஸ். 140 கருவியும் அவசர பொத்தானும் வேண்டும் என்பது மத்திய அரசு விதி. மூன்று சக்கர வண்டிக்கு இதில் விலக்கு உண்டு. வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கருவி வண்டிக்குத்தான், டிரைவருக்கு அல்ல. டிரைவர் பல குழுக்களில் உறுப்பினரின் மகனாகவோ கொழுந்தனாகவோதான் இருக்கிறார். அவருக்குத் தெரியாமல் மாட்டி, பிறகு தெரிய வந்தால் குழுவே இரண்டாகிவிடும். வண்டி இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றது என்று ஆப் காட்டும். ஏன் நின்றது என்று காட்டாது. மார்க்கெட்டில் லோடு இறக்க வரிசையில் நின்றிருக்கலாம், பஞ்சர் ஆகியிருக்கலாம். மரத்தடியிலும் கட்டிடங்களுக்கு நடுவிலும் புள்ளி நகர்ந்து அடுத்த தெருவைக் காட்டுவதும் உண்டு. அதனால் முதலில் டிரைவரைக் கேளுங்கள், டீசல் ரசீதையும் லோடு கணக்கையும் ஒப்பிடுங்கள். புள்ளியை மட்டும் வைத்து யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். வேலை நேரம் முடிந்த பிறகு அவர் எங்கே போனார் என்பது நமக்கு வேண்டாத கணக்கு.

பாஸ்வேர்டை ஊக்குநர், பிரதிநிதிகள் என மூன்று பேர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் போட்டுக் கொடுத்த 123456 என்பதை அன்றைக்கே மாற்றுங்கள். பொறுப்பாளர்கள் மாறும்போது பாஸ்வேர்டும் மாற வேண்டும். சிம் யார் பெயரில் இருக்கிறது, ரீசார்ஜ் தேதி என்ன என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். வண்டி திருடு போனால் இடம் தெரிகிறதே என்று நீங்களே கிளம்பிப் போகாதீர்கள். உடனே போலீசில் புகார் கொடுத்து, ஆப்பை அவர்களிடம் காட்டுங்கள்.

இதே கருவியைப் பெண்களின் கைப்பையிலும் ஸ்கூட்டியிலும் ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். "பாதுகாப்புக்குத்தானே" என்பார்கள். பாதுகாப்புக்கு என்றால் சொல்லிவிட்டே வைக்கலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கல்யாணமான பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு. வேலைக்குப் போகும் மகளுக்கும் கேட்டு, அவள் சம்மதித்த பிறகே வையுங்கள்.

சந்தேகம் இருந்தால் வண்டி சீட்டுக்கு அடியில், பேட்டரி பக்கத்தில் மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ப்ளூடூத் வில்லை கூடவே வந்தால் எச்சரிக்கும் வசதி இப்போது ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிறது. சிம் போட்ட கருவியை அது காட்டாது. கூகுள் மேப்பில் 'இருப்பிடப் பகிர்வு' என்ற இடத்தில் யார் பெயராவது இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் கருவியைக் கழற்றும் முன் 181-க்குப் போன் செய்து பேசுங்கள். கழற்றியது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.