சீரான வேகத்தில் ஓடியவர் யார்?

ஏழாம் வகுப்பு அறிவியலில் ‘விசையும் இயக்கமும்’ பாடம் நடத்தும்போதெல்லாம் சராசரி வேகம் வரும் இடத்தில் எனக்கு ஒரு சிறு உறுத்தல் இருக்கும். கடந்த தொலைவை எடுத்துக்கொண்ட காலத்தால் வகுத்தால் விடை வந்துவிடுகிறது. மாணவர்களும் பிழையில்லாமல் வகுத்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன், 3 மணி நேரத்தில் 120 கிலோமீட்டர் செல்லும் பேருந்தைப் பற்றிய கணக்கைப் போட்டு முடித்தபோது ஒரு மாணவன் எழுந்து, “அந்த பஸ் எந்த ஸ்டாப்பிலும் நிக்கலையா சார்?” என்று கேட்டான். “அதெல்லாம் கணக்கில் வராதுப்பா, உட்கார்” என்று சொல்லிவிட்டேன். அவன் கேட்டதுதான் பாடத்தின் மையம் என்பது, 44 வயதில் 21 கிலோமீட்டரை என் சொந்தக் காலால் ஓடிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கோயம்புத்தூரில் 2013ஆம் ஆண்டு தொடங்கிய மராத்தான் ஓட்டத்தைப் பலரும் அறிந்திருப்பீர்கள். புற்றுநோய் விழிப்புணர்வுக்காகக் கோவை புற்றுநோய் அறக்கட்டளை முன்னின்று தொடங்கியது. மராத்தான் என்று பெயர் இருந்தாலும் அங்கே பெரும்பாலோர் ஓடுவது 21.1, 10, 5 கிலோமீட்டர் பிரிவுகளில்தான். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்று மருத்துவர் சொன்ன ஆண்டு, எங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் என்னை விடாப்பிடியாக இதில் சேர்த்துவிட்டார். நான்கு மாதம் வாய்க்கால் கரையில் ஓடிப் பழகினேன். எங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரும் அதே 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருப்பது ஓட்டத்துக்கு முந்தைய வாரம்தான் தெரிந்தது. பிள்ளைகள் அவரை ‘ஊசி அக்கா’ என்பார்கள்.

டிசம்பர் மாதத்து விடியல். இருட்டு இன்னும் விலகவில்லை. நெஞ்சில் எண் அட்டை குத்திய ஆயிரக்கணக்கானோருக்கு நடுவில் நிற்கும்போது நாற்பதைத் தாண்டியவருக்கும் பள்ளி விளையாட்டு விழாவின் படபடப்பு வந்துவிடுகிறது. கொடி அசைந்ததும் எல்லோரும் பாய்ந்தார்கள். நானும் பாய்ந்தேன். முதல் ஐந்து கிலோமீட்டரில் நான் ஓடியதாகவே நினைவில்லை. கூட்டம் தூக்கிக்கொண்டு போனது போல் இருந்தது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, “எதுக்குங்க சாமி காலங்காத்தால இப்படி ஓடறீங்க?” என்று கேட்டது காதில் விழுந்தது. சிரித்துக்கொண்டே கையசைத்தேன். பதினைந்தாவது கிலோமீட்டரில் அந்தக் கேள்வி மறுபடி நினைவுக்கு வந்தது. அப்போது சிரிப்பு வரவில்லை. தொடைகள் இரண்டும் மரக்கட்டை போல் ஆகியிருந்தன. பதினேழில் நடந்தேன். தாத்தா வயதுள்ள ஒருவர் என் தோளைத் தட்டி, “வாங்க தம்பி, கம்பம் கம்பமா எண்ணிக்கிட்டு ஓடலாம்” என்று கூட்டிப்போனார். இரண்டு விளக்குக் கம்பத்துக்கு ஓட்டம், ஒரு கம்பத்துக்கு நடை. அவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

என் கைக்கடிகாரத்திலும் செவிலியரின் கைபேசியிலும் பதிவான நேரங்களைக் குறித்துவைத்திருந்தேன். அடுத்த ஜூனில் பாடம் வந்தபோது புத்தகத்துப் பேருந்தை ஓரமாக நிறுத்திவிட்டு இவற்றைக் கரும்பலகையில் எழுதினேன். எனக்கு முதல் 5 கிலோமீட்டர் 31 நிமிடம், அடுத்தது 34, மூன்றாவது 36, நான்காவது 42, கடைசி 1.1 கிலோமீட்டர் 9 நிமிடம். மொத்தம் 152. செவிலியருக்கு 38, 38, 38, 37, கடைசி 1.1க்கு 8. மொத்தம் 159.

முதலில் சராசரி வேகம் கண்டுபிடிக்கச் சொன்னேன். எனக்கு மணிக்கு 8.33 கிலோமீட்டர், அக்காவுக்கு 7.96. “சார்தான் ஜெயிச்சீங்க” என்று வகுப்பு கைதட்டியது. பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக வேகம் காணச் சொன்னேன். முதல் 5 கிலோமீட்டரில் என் வேகம் 9.68, நான்காவது ஐந்தில் 7.14. அக்காவுக்கு முதலில் 7.89, நான்காவதில் 8.11. கைதட்டல் நின்றுபோனது. நான் 8.33 என்ற வேகத்தில் ஓடியது எந்த இடத்தில் என்று ஒரு மாணவி கேட்டாள். தேடிப் பார்த்தோம். இரண்டாவது ஐந்தில் 8.82, மூன்றாவதில் 8.33. பதினைந்தாவது கிலோமீட்டருக்கு அருகே சரிந்து இறங்கும்போது அந்த வேகத்தைத் தற்செயலாகக் கடந்து போயிருக்கிறேன், அவ்வளவுதான். சீரான வேகம், சீரற்ற வேகம் இரண்டையும் வரையறையாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைக்கும் வேலை அன்று இருக்கவில்லை.

வரைபடத்தாள் கொடுத்தேன். கிடை அச்சில் காலம், செங்குத்து அச்சில் தொலைவு. அக்காவின் புள்ளிகளை அளவுகோல் வைத்து இணைத்தால் ஏறக்குறைய ஒரே நேர்கோடு. என் கோடு நிமிர்ந்து தொடங்கி, போகப்போகச் சாய்ந்தது. சாய்வு குறைந்தால் வேகம் குறைகிறது என்பதைச் சொல்லாமலே கண்டுகொண்டார்கள். அப்போது பின்வரிசையில் ஒருவன் இரண்டு கோடுகளையும் அளவுகோலால் நீட்டிக்கொண்டிருந்தான். “இன்னும் எட்டு கிலோமீட்டர் ஓடியிருந்தா ஊசி அக்கா உங்களைப் பிடிச்சிருப்பாங்க சார்” என்றான். எல்லோரும் கணக்குப் போட்டோம். கடைசியில் நான் ஒரு கிலோமீட்டருக்கு 8.18 நிமிடம் எடுத்தேன், அக்கா 7.27. வேறுபாடு 0.91 நிமிடம். எனக்குப் பின்னால் அவர் இருந்தது 7 நிமிடம். 7ஐ 0.91ஆல் வகுத்தால் 7.7. அதாவது 28.8ஆவது கிலோமீட்டரில், 215ஆவது நிமிடத்தில் இருவரும் ஒன்றாக இருந்திருப்போம். உண்மையில் நான் அதற்கு வெகு முன்பே சாலையோரம் உட்கார்ந்திருப்பேன் என்பதை வகுப்பில் சொல்லவில்லை.

இங்கே ஒரு குழப்பம் வரும். ஓட்டக்காரர்கள் வேகத்தை ‘ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம்’ என்றே பேசுவார்கள். 8.18 என்பது 7.27ஐ விடப் பெரிய எண், ஆகவே வேகமானது என்று பாதி வகுப்பு எழுதியிருந்தது. அதைத் திருத்த அவசரப்பட வேண்டாம். எதிர் விகிதத்தைப் பிறகு கணக்கில் கற்கும்போது எடுத்துக்காட்டாக இதையே கையாளலாம்.

நான் ஏன் சரிந்தேன் என்பதும் பாடம்தான். ஓடும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. என் எடை 72 கிலோ, 21.1 கிலோமீட்டருக்குச் சுமார் 1,519 கிலோகலோரி. ஓர் இட்லிக்கு 50 என்று வைத்துக்கொண்டதில் முப்பது இட்லி என்று விடை வந்தது. அன்றைக்கு வகுப்பில் எழுந்த சிரிப்பு அடங்க நேரமானது. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2,000 கிலோகலோரி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 33 கிலோமீட்டர் வரை வரும். முழு மராத்தான் ஓடுபவர்கள் முப்பதுக்கு மேல் ‘சுவரில் மோதினேன்’ என்று சொல்வது ஏன் என்று மாணவர்களே சொல்லிவிட்டார்கள். வேகமாக ஓடும்போது கிளைக்கோஜன் இன்னும் விரைவாகக் கரையும். என் விஷயத்தில் அது தீரவில்லை. பழகாத வேகத்தில் தொடங்கித் தசைகளைக் களைக்கவைத்துவிட்டேன்.

தண்ணீர் பற்றியும் ஒரு சொல். என்னோடு ஓடிய சக ஆசிரியர் ஒருவர் தாகம் இல்லாவிட்டாலும் எல்லா மேசையிலும் நின்று இரண்டு குவளை குடித்தார். முடிவில் அவருக்குக் குமட்டலும் தலைவலியும். அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறையும். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ‘தண்ணீர் நிறையக் குடி’ என்பதை மட்டுமே சொல்லிவந்த எனக்கு இது புதிய செய்தி. தாகம் எடுக்கும்போது குடிப்பது, வியர்வை மிகும்போது உப்பும் சேர்த்துக்கொள்வது என்று இப்போது சொல்கிறேன்.

மறுவாரம் செவிலியரை வகுப்புக்கு அழைத்தோம். கேள்விகளை மாணவர்களே எழுதிவந்தார்கள். எப்படி ஒரே வேகத்தில் ஓடினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. “நான் கடிகாரத்தப் பார்க்கலீங்க கண்ணு. மூச்சு வாங்காமப் பேச முடியுதான்னு மட்டும் பார்த்துக்கிட்டேன். ரோட்டோரம் நின்னவங்களுக்கெல்லாம் வணக்கம்ங்க, வணக்கம்ங்கன்னு சொல்லிக்கிட்டே போனேன். வணக்கம் முழுசா வராதப்ப வேகத்தக் குறைச்சுக்கிட்டேன்” என்றார். தொடக்கத்தில் எல்லோரும் தாண்டிப் போனபோது அழுகை வந்ததாகவும் சொன்னார். அதைக் கேட்டு வகுப்பு அமைதியானது. அவர் போன பிறகு தமிழாசிரியை அந்த உரையாடலையே அனுபவக் கட்டுரையாக எழுதச் செய்தார். வழக்கமான ‘முன்னுரை, பொருளுரை, முடிவுரை’ இல்லாமல், ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது கிலோமீட்டர் என்று இடம் இடமாக எழுதினார்கள்.

பள்ளி மைதானத்தில் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். எங்கள் மைதானத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 150 மீட்டர். காலை வெயில் ஏறும் முன் ஆறு சுற்று ஓடவைத்தோம். ஓடுபவருக்கு ஓர் இணை. அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறிப்பார். இளைப்பு, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு நேரம் குறிக்கும் பணி மட்டும். 34 பேரில் 27 பேருக்கு முதல் சுற்றே மிக வேகமான சுற்று. அக்கா வந்துபோன பிறகு, இணையோடு பேசிக்கொண்டே ஓடவேண்டும் என்ற விதியோடு மறுபடி ஓடினார்கள். பலருடைய கோடு நேரானது. மூச்சிரைத்து உட்கார்ந்தவர் யாருமில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இந்த வயதில் ஆறு சுற்று போதும், 21 கிலோமீட்டர் ஆசையைத் தூண்ட வேண்டாம்.

இதற்கெல்லாம் பாடவேளை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பீர்கள். உடற்கல்விப் பாடவேளையைக் கேட்டு வாங்கி அறிவியல் நடத்தி முடிக்கும் ஆசிரியர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். இந்த முறைதான் நான் என் பாடவேளையை உடற்கல்வி ஆசிரியருக்குக் கொடுத்தேன். அவர் நம்பாமல் இரண்டு முறை கேட்டார்.

முழு மராத்தானின் தொலைவு ஏன் 42.195 என்ற வினோதமான எண்ணாக இருக்கிறது என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடியும்படி அளந்தார்கள். 1921இல் அந்த அளவே நிலைபெற்றது. கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023 அக்டோபர் 8 அன்று சிகாகோவில் அதை 2 மணி 35 விநாடியில் ஓடினார். முதல் பாதிக்கு 60 நிமிடம் 48 விநாடி. இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 விநாடி. அவருடைய கோட்டையும் வரையச் சொன்னேன். சில மாதங்களிலேயே, 24 வயதில், சாலை விபத்தில் அவர் இறந்துபோனதைச் சொன்னபோது அந்தக் கோட்டை வரைந்துகொண்டிருந்த கைகள் சற்று நின்றன.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மாலை நேரச் சிறப்பு வகுப்புக்கு ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் தயாரிக்கும் வேலை அதே மாதம் என்னிடம் வந்தது. ஆறாம் வகுப்பின் மூன்று பருவ மதிப்பெண்களின் சராசரியை எடுத்து, ஒரு வரம்புக்குக் கீழே இருப்பவர்களைக் குறிப்பதுதான் என் வழக்கம். ஒரு மாணவனுக்கும் ஒரு மாணவிக்கும் சராசரி 41. இருவர் பெயரையும் எழுதிவிட்டேன். ஓட்ட நேரங்களை எழுதிய அதே குறிப்பேடு என்பதால் கை தானாகவே மூன்று மதிப்பெண்களையும் தனித்தனியாக எழுதியது. மாணவனுக்கு 25, 38, 60. மாணவிக்கு 62, 40, 21.

மாணவனின் பெயரை அடித்தேன். மாணவியின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பருவத்தின் நடுவிலிருந்து வாரத்தில் மூன்று நாள் முதல் பாடவேளைக்குப் பிறகுதான் வந்திருக்கிறாள். கேட்டபோது, அம்மா மில்லில் காலை ஷிப்டுக்கு மாறிவிட்டதாகவும், தம்பியை எழுப்பிக் குளிக்கவைத்து அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருவதாகவும் சொன்னாள். அங்கன்வாடி திறக்கும் நேரமும் எங்கள் காலை வழிபாட்டு நேரமும் ஒத்துவரவில்லை. இவளுக்கு மாலை வகுப்பு எந்த வகையில் உதவும்? தலைமையாசிரியரிடம் பேசினேன், அவர் அம்மாவை வரவழைத்துப் பேசினார். இப்போது பக்கத்து வீட்டுப் பெரியம்மா தம்பியைக் கொண்டுபோய் விடுகிறார். விட்டுப்போன முதல் பாடவேளைகள் கணக்கு என்பதால், கணக்காசிரியை மதிய இடைவேளையில் இருபது நிமிடம் அவளோடு உட்காருகிறார்.

அவளுக்கும் ஒரு வரைபடத்தாள் வைத்திருக்கிறேன். மூன்று புள்ளிகள் இருக்கின்றன. நான்காவதைக் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு வைக்க வேண்டும்.